முன்பல்லின் முனை

தமிழ்ப் புலவர்க்குப் பல் என்றால் முத்து. இல்லையேல் முல்லை அரும்பு. சங்கப் புலவரிடம் சென்றால் மயிலிறகின் அடிக்குருத்தாகிய முருந்து. அம்முத்துகளுள் ஒன்றின் மூலை தெறித்துவிட்டால் எங்கே போவது, என்ன செலவாகும் என்பது பாட்டுக்குள் வரும் செய்தியன்று. அது மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பங்களின் கவலை. ஊர் விட்டு ஊர் வந்து, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில் காலம் தள்ளும் நம்மைப் போன்றோரின் கவலை. மலர் என்றால் இலக்கியம்தான் இருக்க வேண்டுமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பல்லில்லாமல் இலக்கியத்தை வாய்விட்டுப் படிப்பது எப்படி என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

வளர்ந்த மனிதர்க்குப் பற்கள் 32. அவற்றுள் அடிபடுவதில் முதலிடம் மேல்வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டுக்கே. ஏழு, எட்டு வயதில் அவை முளைக்கின்றன; வேர் முழுதும் வளர்ந்து முடியப் பத்து வயதாகிறது. முகத்தின் முகப்பில் காவல் நிற்பதால், குப்புற விழும் பிள்ளையின் எடை சில நேரம் அவற்றின் மேலேயே இறங்கிவிடுகிறது. பல் சற்று முன்தள்ளியிருந்தால் ஆபத்து இன்னும் மிகுதி. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் சந்துகளில் கிரிக்கெட் ஆடும் சிறுவர், தண்ணீர்க் குடத்துடன் வழுக்கி விழும் பெண்கள், இருசக்கர வண்டியில் மூவராய்ப் பறக்கும் இளைஞர், சோடாப் புட்டியைப் பல்லால் திறந்து வீரம் காட்டும் மாமன்மார் ஆகிய அனைவர்க்கும் பொதுவான விபத்து இது.

இன்னொரு வகையிலும் இப்பற்கள் தமிழர்க்கு நெருங்கியவை. எழுத்துகள் வாயில் பிறக்கும் இடங்களைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல், மேல்வாய்ப் பல்லை அண்பல் என்கிறது. நாக்கின் நுனி அதன் அடியைச் சென்று பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழுதட்டைத் தொட வகரம் பிறக்கிறது. ஆகவே, ‘தமிழ்’ என்று வாய் திறப்பதற்கும் ‘வணக்கம்’ என்று கை குவிப்பதற்கும் முன்பற்களின் துணை வேண்டியிருக்கிறது. முனை சிறிது தெறிப்பதால் இவ்வொலிகள் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டா; நாக்கும் உதடும் இரண்டொரு நாளில் தமக்கு வழி கண்டுகொள்ளும். ஒலியைவிட விரைவில் கெடுவது பேசும் துணிவு. அதனை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

எங்கள் பேத்திக்கு அப்போது வயது 13. 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில் பள்ளிப் படிக்கட்டில் கால் வழுக்கி விழுந்தாள். உதட்டில் சிறு வீக்கம். மேல்வரிசை நடுப்பல் ஒன்றின் உள்மூலை முக்கோணமாகத் தெறித்துப் போயிருந்தது. அரைப் பங்கு அரிசியளவுதான் இருக்கும். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. கண்ணாடி முன் நின்று, நாக்கு நுனியால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது என்றாள். அன்று முதல் சிரிப்பு வரும்போதெல்லாம் கை வாய்க்குப் போயிற்று. தோழியர் கைப்பேசியில் எடுத்த படங்களில் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சங்கத்துப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவள், மூன்றாம் நாள் காலையில், “ஆயா, என் பேரை அடிச்சிடச் சொல்லுங்க” என்றாள். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளை, தானாக மேடையேறித் தமிழ் பேச முன்வருவதே அரிது. அது ஓர் அரிசியளவு பல்லால் நின்றுபோவதா என்று எங்களுக்குத் தாங்கவில்லை.

வீட்டிலும் தெருவிலும் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, “பல்லுதானே, வலிக்காத வரைக்கும் விட்டுடுங்க” என்றார். எதிர்வீட்டு அம்மாவோ, “பொம்பளப் புள்ள, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன சொல்லுவாங்க” என்று கவலைப்பட்டார். பதின்மூன்று வயதுச் சிறுமியின் பல்லைப் பார்த்ததும் பத்தாண்டு கழித்து வரக்கூடிய மாப்பிள்ளை வீட்டாரை நினைப்பது நம்மவர் வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவள் இன்று வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். மருத்துவரிடம் போக அந்தக் காரணம் போதும்.

முதலில் சென்றது ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு. பளிங்குத் தரையும் குளிர்காற்றும் உள்ள இடம், பெயர் வேண்டா. ஐந்து நிமிடம் பார்த்தார்கள். ரூட் கேனல் என்னும் வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்றார்கள். தாளில் எழுதித் தந்த கணக்கு 18,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். எங்கள் மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கிறாள். இருவர் முகமும் சுருங்கிப் போயின. ஆயினும் மகன், “வண்டி மேல கடன் வாங்கிடலாம்ப்பா” என்றான். பிள்ளைக்கென்றால் பெற்றவன் அப்படித்தான் சொல்வான். ஒருநாள் பொறுக்கச் சொன்னோம். எங்களில் ஒருவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கடைசல் எந்திரத்தோடு வாழ்ந்தவர். ஒரு மூலை சிதைந்ததற்காக முழு உறுப்பையும் கடைந்து சிறிதாக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், ஏன் என்று கேட்பது தொழிலாளியின் பழக்கம்.

அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லின் வெளிப்போர்வை எனாமல். மனித உடம்பில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்த வரம் கிட்டவில்லை. அதனை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், போனது போனதுதான். அதற்கு உள்ளே இளமஞ்சள் நிறத்தில் டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரமாயிரம். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீர் என்று உறைப்பது அவற்றின் வழியேதான். எல்லாவற்றுக்கும் நடுவில் பற்கூழ். நரம்பும் குருதிக்குழாயும் குடியிருக்கும் அறை.

உடைவு எனாமலோடு நின்றால் வலியில்லை. கூரிய ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கினாலே பல நேரம் போதும். டென்டின் வரை சென்றால் கூச்சம் உண்டு. அதை மூடியாக வேண்டும். பல்நிறப் பசை வைத்து மூடினால் உருவும் திரும்பிவிடும். பற்கூழ் வரை சென்று உடைந்த இடத்தில் சிவப்பு தெரிந்தால்தான் நரம்புச் சிகிச்சை என்ற பேச்சே எழ வேண்டும். அந்நிலையிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கூழின் மேற்பகுதியைச் சிறிது நீக்கி, மருந்து வைத்து மூடி, பல்லை உயிரோடு காப்பாற்றும் முறை இருக்கிறது. ஆக, உடைந்த பல்லோடு மருத்துவரின் நாற்காலியில் அமர்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, உடைவின் ஆழத்தை.

கேப் என்பது பெயருக்கேற்பத் தொப்பி. பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கு மேலோ நல்ல பகுதியைக் கடைந்தெடுத்த பிறகே அத்தொப்பி உட்காரும். தொப்பிக்கு ஏற்பத் தலையைச் செதுக்குவது போன்ற வேலை! பதின்ம வயதில் பற்கூழ் அறை அகலமாக இருக்கும். ஈறும் தன் இறுதி நிலைக்கு வந்திராது. கடைவது நரம்புக்கு அருகே போய்விடும். சில ஆண்டுகளில் ஈறு மேலேற, தொப்பியின் விளிம்பும் வெளியே தெரியும். அதனால்தான் அந்த வயதில் கேப்பைத் தள்ளிப்போடுவது பல் மருத்துவத்தில் வழக்கம். கேப்பையே குறை கூறுவதாக எண்ண வேண்டா. பாதிக்கு மேல் உடைந்த பல்லுக்கும் வேர் சிகிச்சையால் வலுவிழந்த பல்லுக்கும் அதுவே அரண். அரிசியளவு உடைவுக்கு அரண் கட்டுவதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

மறுநாள் விடியற்காலை கோட்டைக்குப் புறப்பட்டோம். பெங்களூரில் பழகியவர்க்குக் கோட்டை என்றால் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டை அடுத்த பகுதி. திப்புவின் கோடைக்கால அரண்மனை, அதன் அண்டையில் வேங்கடரமணர் கோயில், 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனை எல்லாம் அங்கேதான். அம்மருத்துவமனையை ஒட்டியே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, 1958-இல் தொடங்கியது. அல்சூரிலிருந்து மெட்ரோவில் செல்வோர் மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் மார்க்கெட். நாங்கள் மாநகரப் பேருந்தில் சென்றோம். அவ்வாண்டு சூன் மாதத்தில்தான் கருநாடக அரசு சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்திருந்தது. எங்கள் மூவரில் தாத்தா ஒருவரே காசு கொடுத்துப் பயணம் செய்தவர். அந்தப் பெருமையை அவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வாயிலில் கன்னட எழுத்தில் ‘தந்த வைத்யகீய’ என்றிருந்ததைப் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். தந்தம் என்றால் நம் காதுக்கு யானை. “தாத்தா, யானைக்கும் இங்கதான் பாப்பாங்களா?” என்றாள். விபத்துக்குப் பின் அவள் செய்த முதல் கேலி அது. வாயிலிருந்து கையை எடுக்காமலே செய்தாள். பேச்சு வழக்கில் கன்னடர் சொல்வது ‘ஹல்லு’. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, பூ ஹூவு ஆனது போலப் பல்லும் ஹல்லு ஆயிற்று; பழங்கன்னடத்தில் அதுவும் ‘பல்’ என்றே இருந்தது. அண்டை வீட்டாரின் பேச்சுக்குள் நம் வீட்டுச் சொல் ஒளிந்திருப்பதைக் காணும் இன்பம் இந்நகரத்தில் வாழ்வோர்க்கு நாள்தோறும் இலவசம்.

ஒன்பது மணிக்கெல்லாம் நீண்ட வரிசை. சீட்டுப் பெற்று முதலில் நோயறியும் பிரிவு, அங்கிருந்து எக்ஸ்ரே, அதன் பிறகே பல் அடைக்கும் பிரிவு. கோலாரிலிருந்தும் தும்கூரிலிருந்தும் வந்திருந்தார்கள்; ஓசூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்களுக்கு முன்னே நின்றது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலித்தன. வீங்கிய கன்னங்களுக்கு மொழி வேறுபாடு இல்லை. இங்கே பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் சிகிச்சை செய்கிறார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையிடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எங்களுக்கு நிறையாகவே பட்டது. கற்கின்றவர் அவசரப்படுவதில்லை, ஒவ்வொரு படியிலும் மூத்தவரை அழைத்துக் காட்டுகிறார். தனியார் நாற்காலியில் அரைமணியில் முடிவது இங்கே முற்பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். காலத்தைக் காசாக எண்ணுவோர்க்கு அது நட்டம். காசையே காசாக எண்ணுவோர்க்கு ஆதாயம். நாட்கூலி வாங்குவோர் மட்டும் ஒருநாள் கூலியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற இருவர் இருந்ததால் மகனுக்கும் மருமகளுக்கும் அந்த நாள் வீணாகவில்லை.

“ஏனாயித்தம்மா?” என்று கேட்டபடி வந்தவர் வடகருநாடகத்து இளம் மருத்துவர். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்த்தார். உதட்டை விரலால் அழுத்தித் தடவினார். தெறித்த துண்டு கிடைக்காதபோது அது உதட்டுச் சதைக்குள் புதைந்திருக்கக் கூடுமாம். அதையும் பார்க்க வேண்டுமாம். முதலில் சென்ற இடத்தில் யாரும் அப்படித் தொட்டுப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் வேர் நலமாக இருந்தது. உடைவு டென்டினோடு நின்றிருந்தது. “கேப் பேடா, ரூட் கேனல் பேடா” என்று தலையசைத்தார். பேடா என்றால் வேண்டாம். தார்வாட்டுப் பேடாவினும் அது எங்களுக்கு இனித்தது.

பிறகு நடந்ததை அருகில் நிற்க விட்டார்கள். பல்லின் உடைந்த ஓரத்தில் நீலநிறக் கூழ் ஒன்றைத் தடவினார். அது பாஸ்பாரிக் அமிலம். அரை நிமிடத்துக்குள் கழுவி உலர்த்த, எனாமல் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து நின்றது. அந்த வெளுப்பு நுண்துளைகளின் வெளுப்பு; அத்துளைகளுக்குள் ஒட்டுமருந்து புகுந்து வேர்விட்டது போல் பற்றிக்கொள்கிறது. அதன் மேல், அவள் பல்லின் நிறத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்த காம்போசிட் பசையைச் சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளி பாய்ச்சி இறுகச் செய்தார். இறுதியில் கடித்துப் பார்க்கச் சொல்லித் தேய்த்து மெருகிட்டார். ஊசி போடவில்லை, நல்ல பல்லில் கடைந்தது மிகச் சிறிதே.

இந்த வித்தை பிறந்த வரலாறு சுவையானது. உலோகத்தின் மேல் வண்ணப்பூச்சு நன்றாகப் பற்றுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆய்வு செய்த மைக்கேல் புவோனகோர் என்னும் அறிஞர், அதே முறையைப் பல்லின் எனாமலில் முயன்று 1955-இல் முடிவுகளை வெளியிட்டார். ரஃபேல் போவன் என்பார் உருவாக்கிய பிசினுக்கு 1962-இல் காப்புரிமை கிடைத்தது. அமிலம் காட்டிய வழியும் போவனின் பிசினும் சேர்ந்து, கடையாமலே பல்லில் ஒட்டும் வேலையைச் சாத்தியமாக்கின. பட்டறையில் பிறந்த உத்தி பல்லுக்கு வந்ததைக் கேட்டு எங்கள் வீட்டுக் கடைசல்காரர்க்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதற்கு முன் முன்பல் உடைந்தால் தங்கம் கட்டுவோரும் உண்டு. 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் அப்படிச் சிரிப்பில் தங்கம் மின்னிய பெரியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தங்கம் தோண்டியவர் வாயில் அல்ல, கணக்கெழுதியவர் வாயில்.

நண்பகலுக்குள் மூலை திரும்பி வந்துவிட்டது. சீட்டு, எக்ஸ்ரே, சிகிச்சை எல்லாம் போக, கொண்டுசென்ற 500 ரூபாயில் மூவரும் தோசை தின்று மீதமும் இருந்தது. பேத்திக்குக் காப்பி மட்டும் மறுத்தோம். இரண்டு நாள் கறைபடும் பொருள் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். பேச்சுப் போட்டியில் அவள் பேசினாள். பரிசு கிடைக்கவில்லை. மணியடித்த பிறகும் நிறுத்தவில்லை என்பது நடுவர்கள் கண்ட குற்றம்.

கோட்டைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல. பாடத்துக்கு நோயாளர் வேண்டியிருப்பதால் அவற்றின் மருத்துவமனைகளில் கட்டணம் தனியாரினும் குறைவு. குக் டவுனைச் சுற்றியிருப்போர்க்கு எம். ஆர். அம்பேத்கர் கல்லூரி, மத்திகெரெப் பக்கத்தார்க்கு ராமையா, விசுவேசுவரபுரத்தில் வி. எஸ்.; ஜே. பி. நகரில் ஆர். வி.; ஒயிட்ஃபீல்டில் வைதேகி. தொழிலாளர்க்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், அதன் மருத்துவத்தில் பல்லும் அடங்கும், குடும்பத்தாரும் அடங்குவர். அட்டையைக் காய்ச்சலுக்கு மட்டும் எடுத்துச் செல்லும் பழக்கத்தை நம்மவர் விட வேண்டும். தெருமுனையில் தனியே தொழில் நடத்தும் பல் மருத்துவர்களையும் மறந்துவிடலாகாது. எங்கள் தெருவில் ஒருவர் இதே காம்போசிட் வேலைக்கு 2,000 ரூபாய் சொன்னார். ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர்க்கு அதுவே மலிவாக முடியலாம். வெனீர் என்னும் பீங்கான் ஓட்டை ஒட்டுவது வேறு வகை. பல்லின் முகத்தில் அரை மில்லிமீட்டர் அளவு தேய்த்து ஒட்டுவார்கள்; அழகு மிகுதி, பல் ஒன்றுக்குப் பல ஆயிரம் ஆகும் செலவும் மிகுதி. பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று.

காம்போசிட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். சில ஆண்டுகளில் நிறம் மங்கும், ஓரம் பெயரலாம். காப்பியும் தேநீரும் மஞ்சளும் வெற்றிலையும் அதில் கறை ஏற்றும். வெயிலில் உற்றுப் பார்த்தால் எங்கள் பேத்தியின் பல்லில் ஒட்டிய கோடு மெல்லியதாகத் தெரிகிறது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பெயர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அடியிலிருக்கும் சொந்தப் பல் அப்படியே இருக்கும். வளர்ந்து பெரியவளாகி, வெனீரோ கேப்போ வேண்டுமென்று அவளே முடிவு செய்தால் அந்தக் கதவும் திறந்தே இருக்கிறது. கேப்பில் தொடங்கியவர்க்குத் திரும்பி வரும் வழி இல்லை.

அடைத்ததோடு மறந்துவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடிபட்ட பல் வலியேதும் காட்டாமல் உள்ளே மெல்ல உயிரிழப்பதுண்டு; நிறம் சாம்பலாக மாறும், ஈறில் கொப்புளம் எழும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறையும் ஓராண்டில் ஒருமுறையும் காட்டச் சொன்னார். இரண்டு முறையும் சென்றோம். குளிர்ந்த பஞ்சு பட்டதும் அவள் முகம் சுளித்தாள். சுளித்தால் நல்லது என்றார்கள்.

கோட்டையிலிருந்து பேருந்துக்கு நடந்த வழியில், மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதையில் பெட்டியும் கண்ணாடியும் விரித்துப் பல் கட்டுவோரை நினைத்துக்கொண்டோம். நெடுங்காலமாக இந்நகரத்தார் கண்ட காட்சி அது. தந்தையிடமிருந்து மகன் கற்ற கைத்தொழில்; பசியால் நடக்கும் தொழில். அவர்களை இகழ எங்களுக்கு மனமில்லை. ஆனால், கொதிநீரில் தூய்மை செய்யாத கருவியால் நோய் தொற்றும். பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பூசிவிடும் பிசினுக்கடியில் உணவு அழுகி நல்ல பல்லும் சொத்தையாகும். பதிவு பெறாதோர் பல் மருத்துவம் செய்வதைத் தடுக்கவே 1948-இல் நாடாளுமன்றத்துக்கு முந்தைய அவை சட்டம் இயற்றியது. அரசுக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நடைபாதையில் போய் உட்காருவதற்கு அறியாமை தவிர வேறு காரணம் இல்லை. உடனொட்டும் பசையை வாங்கித் தாமே துண்டை ஒட்டிக்கொள்ளும் துணிச்சல்காரர்களும் உண்டு. அப்பசை வாய்க்கு ஆனதன்று. கோணலாக ஒட்டிக்கொண்டால் மருத்துவர்க்கு வேலை இரட்டிப்பு.

துண்டு கிடைத்தால் செய்ய வேண்டியதே வேறு. தெறித்த துண்டைத் தேடி எடுத்து, காயவிடாமல் பாலிலோ நீரிலோ இட்டு, கூடிய விரைவில் கொண்டுசென்றால், பொருத்தமாக இருக்கும் பட்சத்தில் அதையே அமிலமும் பிசினும் கொண்டு ஒட்டிவிடுகிறார்கள். நிறமும் வடிவும் சொந்தம், செலவும் குறைவு. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் உலர்ந்து நிறம் வெளுத்துவிடும். இது தெறித்த துண்டைப் பற்றிய செய்தி. நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்துவிட்டால் நிமிடங்கள் கூட விலைமதிப்புடையவை. வேரைத் தொடாமல் முனையைப் பிடித்து, அழுக்கிருந்தால் நீரில் சற்றே அலசி, இருந்த குழியிலேயே பொருத்திக்கொண்டு ஓட வேண்டும். இயலாவிடில் பாலில் இட்டு ஓட வேண்டும். பால்பல்லுக்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் கூரையில் எறிந்துவிடலாம்.

இவற்றையெல்லாம் எங்கள் தெருவில் சொல்லி வைத்தோம். சென்ற தை மாதத்தில், அடுத்த சந்தில் குடியிருக்கும் கொத்தனார் ஒருவரின் மகன் குழாயடியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அவன் அம்மா ஒரு கையில் பையனையும் மறு கையில் தம்ளரையும் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். தம்ளர் எங்களுடையது; முதல்நாள் பொங்கல் பாயசம் கொடுத்தனுப்பியது. உள்ளே பாலில் கிடந்தது துண்டு. மகன் அவர்களை ஆட்டோவில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோனான். மாலையில் பையன் துண்டு ஒட்டிய பல்லோடு வந்து, எங்கள் பேத்தியிடம் யார் பல்லில் கோடு மெல்லியது என்று வழக்காடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா தம்ளரைத் துலக்கி, சிறிது சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தார்.